எழுத்தின் இருக்கையில் ஓவியம்

நுழையும்முன்

ஒரு பக்கத்தைப் படிக்கத் தொடங்குமுன்பே நாம் அதைப் பார்த்துவிடுகிறோம். பூக்கோடு, விளக்கு, கைகாட்டி, சரிக்குறி, விண்மீன் முதலிய சிறு வடிவங்கள் அந்த முதற்பார்வையை வழிநடத்துகின்றன. இவை எழுத்துகள் அல்ல. ஆயினும் அச்சிலும் கணினியிலும் எழுத்துகளோடு எழுத்துகளாகவே வைத்துக் கோக்கப்படுகின்றன. அணிக்குறி எழுத்துருக்கள் என்று நாம் அழைக்கத்தக்க இவற்றின் வரலாற்றையும் இயங்கும் முறையையும், தமிழ் எழுத்துலகோடு இவற்றுக்குள்ள உறவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எழுதுதலும் தீட்டுதலும்

தமிழில் ‘எழுது’ என்னும் வினைக்குப் பொருள் ஒன்றன்று. கடிதம் எழுதுகிறோம், கண்ணுக்கு மையும் எழுதுகிறோம். ஓவியம் எழுதுதல், தொய்யில் எழுதுதல் என்பன இலக்கியங்களில் பயின்றுவரும் தொடர்கள். சொல்லைப் பதிவதற்கும் உருவத்தைத் தீட்டுவதற்கும் ஒரே வினையைப் பயன்படுத்திய மொழியில், எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு தொடக்கத்திலிருந்தே மெல்லியதாக இருந்திருக்கிறது.

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் சித்திரகவியை இங்கு நினைவுகூரலாம். நாகபந்தத்தில் செய்யுளின் எழுத்துகள் பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடலில் அமைகின்றன. முரசபந்தத்தில் முரசின் வார்க்கட்டில் அமைகின்றன. திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவெழுகூற்றிருக்கையை ஏறியும் இறங்கியும் வரும் எண்களின் வரிசைப்படி எழுதினால் தேர்வடிவம் தோன்றும். இவற்றிலெல்லாம் எழுத்து ஓவியமாகிறது.

இதற்கு எதிர்த்திசையில் நிகழ்வதும் ஒன்றுண்டு. ஓவியம் எழுத்தின் இருக்கையில் வந்து அமர்வது அது. அதைக் காண ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டையில் தொடர்வண்டியைவிட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வந்தாலே போதும். தோல் பதனிடும் குரோம் லெதர் தொழிற்சாலையினால் பெயர்பெற்ற ஊர் இது. வேதிப்பொருளின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட ஊர்கள் நம் நாட்டில் அரியன. மருந்துக் கடைப் பலகையில் கூட்டல் குறி, தொலைபேசி எண்ணுக்கு முன் ஒரு சிறு தொலைபேசி, நகலகத்தின் கண்ணாடியில் ஒட்டிய விலைப்பட்டியலில் ஒவ்வோர் இனத்துக்கும் முன் ஒரு விண்மீன் என இத்தகைய சாலையொன்றில் நாம் காணும் குறிகளுள் பல, ஓவியர் புதிதாக வரைந்தவை அல்ல. கணினியின் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டுவதுபோலத் தட்டிப் பெறப்பட்டவை.

படிக்குமுன் பார்த்தல்

குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் போன்ற புறநகர்களில் சிறு அச்சகங்களுக்கும் கணினி அச்சுக்கோப்புக் கடைகளுக்கும் முகூர்த்த நாள்கள் நெருங்கும்போது வேலை மிகும். அங்கு அச்சாகும் திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பில் பிள்ளையார் சுழியோ ஓங்காரமோ இருக்கும். அல்லது சிலுவையோ பிறையோ இருக்கும். இவற்றுள் எதுவும் இல்லாத அழைப்பிதழும் உண்டு. மணமக்களின் பெயரைப் படிக்குமுன்பே அவ்வீட்டாரின் நம்பிக்கை நமக்குத் தெரிந்துவிடுகிறது. குறி இல்லாமையும் அங்கு ஒரு செய்தியே. அதற்குக் கீழே நாகசுரம், தவில், குத்துவிளக்கு, நிறைகுடம், வாழைமரம், மாலை ஆகியவற்றுள் சில இடம்பெறும். நான்கு ஓரங்களிலும் பூக்கோடு ஓடும். அச்சான பின் வீட்டார் மூலைகளில் மஞ்சள் தடவுவர். நீத்தார் நினைவு அட்டையில் இவை இரா. கருங்கோடு ஒன்று சூழ்ந்திருக்கும். அஞ்சற்பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அதைக் கண்டவர் கை சற்றுத் தயங்கும்.

எனவே இக்குறிகளை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட இயலாது. அவை மூவகைப் பணிகளைச் செய்கின்றன. பக்கத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் கண்ணுக்கு வழிகாட்டுவது ஒன்று. இது எவ்வகை ஆவணம் என்பதை முதற்பார்வையிலேயே உணர்த்துவது மற்றொன்று. மூன்றாவது பணியே மிக முதன்மையானது. எழுத்தறியாதவருக்கும் பொருளைக் கொண்டுசேர்ப்பது அது.

இந்தியக் குடியாட்சியே இந்த மூன்றாவது பணியின்மேல் நம்பிக்கை வைத்துத் தொடங்கியது எனலாம். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. 1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் அவருக்குரிய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. பிற்காலத்தில் பெயரும் சின்னமும் ஒரே வாக்குச்சீட்டில் வரிசையாக அச்சாயின. இன்று மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்திலும் பெயருக்குப் பக்கத்தில் சின்னம் உள்ளது. வாக்களித்ததைச் சரிபார்க்கும் தாள்சீட்டில் வரிசை எண், பெயர், சின்னம் ஆகிய மூன்றும் அச்சாகி ஏழு நொடிகள் கண்ணாடி வழியே தெரிகின்றன. அவ்வேழு நொடிகளில் பெயரைப் படிப்பவரைவிடச் சின்னத்தைப் பார்ப்பவரே மிகுதியாக இருப்பர் என்று கருத இடமுண்டு.

இந்த எந்திரத்தின் வரலாற்றில் குரோம்பேட்டைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அங்குள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.) 1949ஆம் ஆண்டு சி. இராஜம் அவர்களால் நிறுவப்பெற்றது. ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற இடம் அது. அங்கே மின்னணுவியல் பயின்ற ரங்கராஜன், ‘சுஜாதா’ என்னும் பெயரில் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானவர். அவர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். கணினியைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதியவர், எழுதப்படிக்கத் தெரியாதவரும் இயக்கத்தக்க எந்திரத்துக்கும் உழைத்திருக்கிறார்.

குறி ஒன்று எல்லாருக்கும் ஒரே பொருளைத் தரும் என்று எண்ணிவிடலாகாது. நம் ஆசிரியர் விடைத்தாளில் இடும் சரிக்குறியை, ஜப்பானியப் பள்ளியில் தவறான விடைக்கு இடுவதுண்டு. சரியான விடைக்கு அங்கு வட்டம் இடுவர். உணவுப் பொட்டலங்களில் உள்ள குறியும் நல்ல எடுத்துக்காட்டு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவ உணவைக் குறிக்கும். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு வட்டம் அசைவத்தைக் குறித்துவந்தது. இரண்டுக்கும் வடிவம் ஒன்று, நிறமே வேறு. பச்சைக்கும் பழுப்புக்கும் வேறுபாடு காண இயலாத நிறக்குருடு உடையவர் என்செய்வார்? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டு விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றியது. நிறம் அழிந்தாலும், கருப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் வடிவம் நிற்கும்.

ஈய எழுத்தும் ஈயப் பூவும்

அணிக்குறிகள் எழுத்துருவுக்குள் புகுந்தது எப்படி? அதை அறிய ஈய எழுத்துகளின் காலத்துக்குச் செல்ல வேண்டும்.

ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகியவற்றின் கலவையை உருக்கி அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. எழுத்து எதுவாயினும் அதன் உயரம் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஆங்கிலேய, அமெரிக்க முறையில் அவ்வுயரம் ஏறத்தாழ 0.918 அங்குலம். உயரம் சிறிது குறைந்தால் மை படாது. சிறிது கூடினால் தாள் கிழியும். அச்சுக்கோப்பாளர் கேஸ் எனப்படும் அறைப்பெட்டியிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, வரிகளைச் சட்டத்துக்குள் இறுக்கி, எந்திரத்தில் ஏற்றுவார்.

படம் வேண்டுமெனில் அதற்குத் தனியாக ‘பிளாக்’ செய்ய வேண்டும். அது செலவு மிகுந்தது. ஒரு படத்துக்குச் செய்தது வேறொன்றுக்குப் பயன்படாது. இச்சிக்கலுக்கு ஐரோப்பிய அச்சாளர்கள் கண்ட தீர்வு எளியது. இலை, கொடி, பூ முதலிய சிறு வடிவங்களை எழுத்தின் அதே உயரத்திலும் அளவிலும் வார்த்து, எழுத்துகளோடு கேஸிலேயே வைத்துக்கொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு எழுத்து வெட்டுநர் இராபர்ட் கிரான்ஜோன் வெட்டிய கொடிப்பின்னல் வடிவங்கள் புகழ்பெற்றவை. ஒரே பூவை வலம், இடம், தலைகீழ் எனத் திருப்பித் திருப்பி வைத்தால் புதிய பின்னல்கள் தோன்றும். நான்கு புள்ளிகளைச் சுற்றிவரும் ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப இட்டு வாசல் நிறையக் கோலம் போடுகிறோமே, அதே கணக்குத்தான் இது. படத்துக்குச் செலவில்லை, வேறு எந்திரம் வேண்டியதில்லை, எழுத்தோடு ஒரே அழுத்தத்தில் பூவும் பதிந்துவிடும்.

அச்சுக்கலை தமிழுக்கு முன்னரே வந்துவிட்டது. ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. சீகன்பால்கு முதலியோர் 1712 முதல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நடத்தினர். சென்னைக்கு வந்த அச்சுப்பொறியோ போரின் கொள்ளைப்பொருள்: 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி, வேப்பேரியிலிருந்த பெப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1835இல் அச்சுக்கட்டுப்பாடுகள் நீங்கியபின் இந்தியர் நடத்திய அச்சுக்கூடங்கள் பெருகின. தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்களில் நூற்பெயரைச் சூழ்ந்த பூச்சட்டங்களும் இயல்முடிவில் இடும் அணிகளும் இடம்பெற்றன. டிரெடில் எந்திரம் வைத்திருந்த சிறு அச்சகங்களிலும் ‘பார்டர்’ என்று அழைக்கப்பட்ட பூக்கோட்டு ஈயத்துண்டுகள் இருந்தன. திருமணப் பத்திரிகைக்கும் திருவிழாத் துண்டறிக்கைக்கும் அவைதாம் அழகு சேர்த்தன.

விசையைத் தட்டினால் விண்மீன்

ஈயத்தின் இடத்தை ஒளியச்சும் கணினியும் பிடித்தபோது பூக்களும் உடன்வந்தன. செருமானிய எழுத்துரு வடிவமைப்பாளர் எர்மான் சாப்ப் (1918-2015), ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளை வரைந்தார். அவற்றுள் 360 தேர்ந்தெடுக்கப்பட்டு 1978ஆம் ஆண்டு ‘சாப்ப் டிங்பேட்ஸ்’ என்னும் பெயரில் வெளிவந்தன. அச்சுக்கூடத்தில் எழுத்தல்லாத சில்லறை அணிகளைக் குறிக்க அமெரிக்க அச்சாளர்கள் வழங்கிய சொல் டிங்பேட். கத்தரிக்கோல், எழுதுகோல், கடித உறை, சரிக்குறி, பெருக்கல் குறி, பலவகை விண்மீன்கள், இதயம், இலை, அம்பு ஆகியன அத்தொகுப்பில் உள்ளன. 1980களில் லேசர் அச்சுப்பொறிகளுடன் இணைந்து வந்ததால் அது உலகெங்கும் பரவியது.

மற்றொரு தொகுப்பு நம் கணினிகளில் இன்றும் இருப்பது. சார்லசு பிகெலோ, கிரிசு ஓம்சு ஆகிய இருவர் வடிவமைத்த குறிகளைக் கொண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் உருவாக்கிய ‘விங்டிங்ஸ்’, 1992ஆம் ஆண்டு விண்டோஸ் 3.1 இயங்குதளத்துடன் வெளிவந்தது. கைகாட்டி, சிரித்த முகம், வாடிய முகம், மண்டையோடு, மணிக்கூண்டின் நேரம் காட்டும் வட்டங்கள் என்று அதில் இல்லாதது குறைவு.

இவை இயங்கும் முறையைத் தெளிவாக அறிதல் வேண்டும். கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். ஒவ்வோர் எண்ணையும் ஓர் இருக்கையாகக் கருதுவோம். ஆங்கிலத்தின் ‘ஏ’ என்னும் பெரிய எழுத்துக்குரிய இருக்கை 65ஆம் எண். அவ்வெண்ணுக்கு எந்த உருவத்தைக் காட்டுவது என்பதை எழுத்துருவே முடிவுசெய்கிறது. வழக்கமான எழுத்துரு அவ்விருக்கையில் ‘ஏ’யின் வடிவத்தை வைக்கும். அணிக்குறி எழுத்துருவோ அதே இருக்கையில் ஓர் ஓவியத்தை அமர்த்திவிடும். விங்டிங்ஸில் ‘ஜே’ என்னும் பெரிய எழுத்தைத் தட்டினால் சிரித்த முகம் வரும்; ‘எல்’ தட்டினால் வாடிய முகம் வரும். கணினியின் நினைவில் இருப்பது ‘ஜே’தான், முகம் நம் கண்ணுக்கு மட்டுமே.

எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இங்கே எவ்வகை உறவும் இல்லை. இடம் ஒன்றாயிருப்பது மட்டுமே உறவு. அதை மறந்தவர்கள் வியப்பான பொருள்களைக் கண்டெடுத்தனர். விங்டிங்ஸ் வெளிவந்த ஆண்டிலேயே, நியூயார்க் நகரத்தின் சுருக்கப்பெயரான மூன்று எழுத்துகளைத் தட்டினால் மண்டையோடு, யூதர்களின் விண்மீன், உயர்த்திய கட்டைவிரல் ஆகியன தோன்றுவதைக் கண்ட சிலர் அதில் வெறுப்புச் செய்தி மறைந்திருப்பதாகக் குற்றஞ்சாட்டினர். அது தற்செயலாக அமைந்ததே என்று நிறுவனம் விளக்கியது. படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே மனிதர் அவற்றைக் கதையாகக் கோத்துவிடுவர் என்பதற்கு இது சான்று.

இருக்கை மாறினால்

இங்கேதான் இடர் தொடங்குகிறது. ஒருவர் தம் வீட்டுக் கணினியில் ஒரு படிவத்தைத் தயாரிக்கிறார். ‘ஒவ்வாமை உண்டு’, ‘ஒவ்வாமை இல்லை’ என்னும் வரிகளுக்கு எதிரே விங்டிங்ஸின் சரிக்குறியையும் தவறுக்குறியையும் இடுகிறார். அக்கோப்பை அச்சிடக் கடைக்குக் கொண்டுசெல்கிறார். அக்கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றாலோ, வரிகளை வேறொரு மென்பொருளில் ஒட்டும்போது எழுத்துரு விடுபட்டாலோ, சரிக்குறி இருந்த இடத்தில் மேலே இரு புள்ளிகள் கொண்ட ஆங்கில ‘யு’ நிற்கும்; தவறுக்குறி இருந்த இடத்தில் தலையில் கூரை கவிழ்த்த ‘யு’ நிற்கும். ஒன்று ஆம், மற்றொன்று இல்லை. படிப்பவருக்கோ இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் புரியாத எழுத்துகள். அழைப்பிதழில் பூ மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். மருத்துவமனைப் படிவத்தில் குறி மாறினால் அவ்வாறு போக இயலாது.

மின்னஞ்சலிலும் இது நிகழ்ந்தது. அவுட்லுக் மென்பொருளில் முக்காற்புள்ளியையும் பிறை அடைப்பையும் அடுத்தடுத்துத் தட்டினால் அது தானாகவே விங்டிங்ஸின் சிரித்த முகமாக மாறும். அதை வேறு மென்பொருளில் திறந்தவர்கள், வாக்கிய முடிவில் ஒரு தனி ‘ஜே’ நிற்பதைக் கண்டனர். அனுப்பியவரின் பெயர்ச்சுருக்கமோ எனப் பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர்.

பார்வையற்றோர் நிலையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர்கள் திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித்தரும் திரைபடிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். கட்டணமின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. போன்ற மென்பொருள்களால் தமிழையும் கேட்கலாம். திரைபடிப்பானுக்குக் கண் இல்லை. இருக்கையின் எண்ணையே அது நம்புகிறது. ஆகவே, பார்ப்பவருக்குச் சிரித்த முகம் தெரியும் இடத்தில் கேட்பவருக்கு ‘ஜே’ என்னும் ஒலியே கிட்டும்.

இவ்விடர் அணிக்குறிகளோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1990களில் தமிழே இந்நிலையில்தான் இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களால்தான் நாம் கணினியில் தமிழ் எழுதினோம். இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பெரிதும் வழங்கிய ‘பாமினி’ எழுத்துருவில் ‘அ’ இருந்த இடம் ஆங்கில ‘எம்’ எழுத்தின் இடம், ‘ம’ இருந்த இடம் ‘கே’யின் இடம், மெய்யின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் இருந்தது, துணைக்கால் ‘எச்’ எழுத்தின் இடத்தில் இருந்தது. ஆகவே ஒருவர் ‘அம்மா’ என்று எழுதியது, பாமினி இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே தோன்றும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இருக்கைகளை ஒதுக்கியதால், ஓரிடத்தில் எழுதியதை மற்றோரிடத்தில் படிக்க அதே எழுத்துருவைத் தேட வேண்டியிருந்தது. தேடுபொறியில் ‘அம்மா’ என்று தேடினால் அந்தப் பக்கம் கிட்டாது. கணினியைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் தமிழே இல்லை. சாப்ப் வரைந்த கத்தரிக்கோலும் நம் அகரமும் அந்நாளில் ஒரே நிலையில், இரவல் இருக்கையில் அமர்ந்திருந்தன.

இதைச் சீர்செய்யும் முயற்சியாக, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி ‘தமிழ் 99’ விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியேற்ற முறைகளும் தமிழ்நாட்டு அரசால் தரப்படுத்தப்பட்டன. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியை அரசு ஏற்றது.

தனக்கென ஓர் இருக்கை

உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் பிறரோடு பகிராத தனி எண் வழங்குவதே ஒருங்குறியின் நோக்கம். அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அப்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் இருந்தது. சாப்ப் வரைந்த அணிக்குறிகளுக்கும் இடம் இருந்தது. கத்தரிக்கோலுக்கு நிலையான எண் கிடைத்தபின், அதை எந்த எழுத்துருவில் திறந்தாலும் அது ‘ஏ’யாகவோ ‘பி’யாகவோ மாறாது. விங்டிங்ஸின் குறிகள் முழுமையாக இடம்பெற 2014 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1999இல் ஜப்பானியக் கைப்பேசிகளுக்காக சிகெதகா குரிதா 176 சிறு படங்களை உருவாக்கினார். அவ்வழியில் பெருகிய எமோஜி எனப்படும் உணர்ச்சிக் குறிகள் 2010இல் ஒருங்குறிக்குள் வந்தன. இன்று திரைபடிப்பான் சிரித்த முகத்தைக் கண்டால் ‘ஜே’ என்று கூறாது. ‘சிரித்த முகம்’ என்றே கூறும்.

நம் நாட்டு உருபாய்க் குறியீட்டின் பயணத்தில் இந்த இரு நிலைகளையும் சில திங்களுக்குள்ளேயே காணலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ₹ குறியீட்டை நடுவண் அமைச்சரவை 2010 சூலை 15ஆம் நாள் ஏற்றது. எழுதுவதற்கு மக்கள் விரைந்தனர். கணினியிலோ இருக்கை இல்லை. மங்களூருவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் நிறுவனம், விசைப்பலகையின் இடப்பக்க மூலையில் உள்ள, அரிதாகவே பயன்படும் குறியின் இடத்தில் உருபாயை அமர்த்தி ஓர் எழுத்துருவை வெளியிட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் விலைக்கு முன் ஒரு சாய்ந்த கீற்றே தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் ஒருங்குறி 6.0 பதிப்பு உருபாய்க்குத் தனி எண் தந்தபின் இரவல் தேவைப்படவில்லை.

தெரிந்து தெளிவோம்
௳ – நாள். ௴ – திங்கள். ௵ – ஆண்டு. ௶ – பற்று. ௷ – வரவு. ௸ – மேற்படி. ௹ – உருபாய். ௺ – எண்.
இவ்வெட்டுக் குறிகளும் 2003ஆம் ஆண்டு ஒருங்குறி 4.0 பதிப்பில் இடம்பெற்றன.

மேலே கண்டவை தமிழர் கணக்கேடுகளிலும் ஆவணங்களிலும் வழங்கிய குறிகள். பழைய திருமண அழைப்பிதழ்களில் ஆண்டின் பெயரை அடுத்து ௵ என்றும், திங்களின் பெயரை அடுத்து ௴ என்றும் இருக்கும். நிலப் பத்திரங்களில் ௸ இன்றும் கண்ணில் படுகிறது. உருபாய்க்குப் புதிய குறி வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழில் ௹ இருந்தது. சொல்லை முழுதும் எழுதாமல், ஒரே கோட்டிழுப்பில் ஒரு கருத்தைக் காட்டும் இவை, அச்சுப்பூக்களையும் டிங்பேட்டுகளையும்போல எழுத்தின் வரிசையில் நிற்கின்றன; ஆனால் அழகுக்காகப் பிறந்தவை அல்ல, விரைவுக்காகப் பிறந்தவை. காலம் செல்லச் செல்ல விரைவின் தேவை குறைந்து, இன்று அழைப்பிதழில் இவற்றை இடுவோர் பெரும்பாலும் பழைமையின் அழகுக்காகவே இடுகின்றனர். பயன்பாட்டுக் குறி அணிக்குறியாக மாறிவிட்ட நிலை இது.

இன்னும் பழைய குறிகளும் உண்டு. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியையும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி; அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. இவற்றுக்கும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு ஆகிய அளவைகளுக்கும், காசு, பணம், பொன், வராகன் ஆகிய நாணயங்களுக்கும், குழி, வேலி, நன்செய், புன்செய் ஆகிய நிலவழக்குகளுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. இத்தகைய 51 குறிகளுக்கு 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0 பதிப்பு ‘தமிழ்ப் பிற்சேர்க்கை’ என்னும் பகுதியில் இருக்கைகளை ஒதுக்கியது. ஓலையிலிருந்தோ கணக்கேட்டிலிருந்தோ ஓர் ஆவணத்தைக் கணினியில் ஏற்றும் ஆய்வாளர், குறி வரும் இடத்தில் படத்தை ஒட்டவோ ‘இங்கே ஒரு குறி உள்ளது’ என்று குறிப்பெழுதவோ இனி வேண்டியதில்லை. அக்குறியையே எழுதலாம், தேடலாம், கணக்கிடலாம்.

பிள்ளையார் சுழிக்கு மட்டும் தனி இருக்கை இல்லை. அழைப்பிதழ் கோக்கும் கடைக்காரர் அதற்கு ‘உ’ என்னும் உயிரெழுத்தைத் தட்டி, அளவைப் பெரிதாக்கி, நடுவில் நிறுத்துகிறார். சிலர் சுழியை வளைத்துக் கீழே இரு கோடுகள் இழுத்த அணிவடிவத்தைப் படமாகச் சேர்க்கின்றனர். படமாகச் சேர்த்தால் அழகு கூடுகிறது; திரைபடிப்பான் அதைக் கடந்துபோய்விடுகிறது. எழுத்தாகத் தட்டினால் அது ‘உ’ என்று ஒலிக்கிறது. அழகு சற்றுக் குறைகிறது.

இருக்கை கிடைத்தால் மட்டும் போதுமா? இருக்கையில் அமர வடிவமும் வேண்டும். 51 குறிகளும் அடங்கிய ‘நோட்டோ’ போன்ற எழுத்துருக்கள் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் நாம் நாளும் கையாளும் தமிழ் எழுத்துருக்களுள் பலவற்றில் இக்குறிகள் வரையப்படவில்லை. அத்தகைய எழுத்துருவில் முந்திரியின் எண்ணைத் தட்டினால் திரையில் வெற்றுக் கட்டம் ஒன்றே தோன்றும். ஒரு தமிழ் எழுத்துருவை வடிவமைப்பவர் 12 உயிர், 18 மெய், உயிர்மெய்க் குறிகள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறாரா, ௳ முதல் ௺ வரை வரைகிறாரா, வேலியும் குறுணியும் வரை செல்கிறாரா என்பதை அறிய, அவ்வெழுத்துருவைக் கணினியில் திறந்து இக்குறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் போதும். கட்டங்களை எண்ணிவிடலாம்.